குழந்தைகளின் காதுத் தொற்றும் ஆன்டிபயாடிக் சிகிச்சையும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சளிக் காய்ச்சலுக்குப் பின் குழந்தை இரவு முழுவதும் காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், மறுநாள் காலை மருத்துவரிடம் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதாகவே இருக்கிறது. அதற்கான விடை குழந்தையின் வயதையும், நோயின் கடுமையையும், எல்லாவற்றுக்கும் மேலாகச் செவிப்பறையின் நிலையையும் பொறுத்தது. கீழே வரும் மருந்தளவுகள் மருத்துவர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்வதற்காகத் தரப்பட்டவை. சீட்டில்லாமல் மருந்து வாங்கிக் கொடுப்பதற்காக அல்ல.

எல்லாக் காது வலியும் ஒரே நோய்தானா?

இல்லை. செவிப்பறைக்கு வெளியே உள்ள துவாரத்தில் வரும் தொற்று ஒரு வகை. காதுமடலைத் தொட்டு இழுத்தாலே அதில் வலிக்கும். நீச்சலுக்குப் பின்னும், பட்ஸ் அல்லது ஊக்கால் குடைந்த பின்னும் அது வரும். அதற்குச் சொட்டு மருந்தே போதும், வாய்வழி ஆன்டிபயாடிக் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. செவிப்பறைக்கு உள்ளே இருக்கும் நடுச்செவியில் திடீரெனச் சீழ் சேர்ந்து, வலியும் காய்ச்சலும் தருவது இன்னொரு வகை. இந்தப் பக்கம் முக்கியமாக இந்தத் திடீர் நடுச்செவித் தொற்றைப் பற்றியது. வலியே இல்லாமல் நடுச்செவியில் நீர் தங்கி நிற்பதும், செவிப்பறையில் ஓட்டை விழுந்து வாரக்கணக்கில் சீழ் வடிவதும் வேறு நோய்கள். அவற்றுக்கான சிகிச்சையும் வேறு. பல் முளைப்பதாலும் தொண்டைப் புண்ணாலும்கூடக் காதில் வலி தெரியலாம்.

சளி பிடித்தால் சிறு குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இவ்வளவு எளிதில் காது வலிக்கிறது?

மூக்கின் பின்பகுதியையும் நடுச்செவியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல் குழந்தைகளுக்குக் குட்டையாகவும், பெரியவர்களுக்கு இருப்பதைவிடப் படுக்கைவாட்டிலும் இருக்கிறது. வைரஸ் சளியால் அந்தக் குழல் வீங்கி அடைபடும்போது நடுச்செவியில் நீர் தேங்குகிறது; மூக்கிலும் தொண்டையிலும் முன்பே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்த நீரில் பெருகிச் சீழாக்குகின்றன. நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, மொராக்செல்லா கேட்டராலிஸ் ஆகிய மூன்றுமே இதில் முதன்மையானவை. சில குழந்தைகளின் காதில் வைரஸ் மட்டுமே இருக்கும். அவர்களுக்கு ஆன்டிபயாடிக் எந்த வகையிலும் உதவாது. 6 மாதத்திலிருந்து 2 வயது வரைதான் இந்தத் தொற்று மிகுதி. குழந்தை வளர வளர, குழல் நீண்டு சாய்ந்து அமைவதாலும் நோய் எதிர்ப்பு பலப்படுவதாலும் இது தானாகவே குறைந்துவிடுகிறது.

குழந்தை காதைப் பிடித்து இழுக்கிறது. அதுவே தொற்றுக்கு அடையாளமா?

அல்ல. தூக்கக் கலக்கத்திலும், பல் முளைக்கும் காலத்திலும், வெறும் பழக்கத்தாலும் குழந்தைகள் காதை இழுப்பதுண்டு. மருத்துவர் ஆட்டோஸ்கோப் என்னும் விளக்குக் கருவியால் செவிப்பறையைப் பார்த்தே இந்த நோயை உறுதி செய்ய வேண்டும். உள்ளே சீழ் சேர்ந்திருந்தால் செவிப்பறை வெளிநோக்கிப் புடைத்திருக்கும். அதுதான் நம்பத்தக்க அறிகுறி. சிவந்திருப்பது மட்டும் போதாது, ஏனெனில் கத்தி அழும் குழந்தைக்கும், காய்ச்சல் உள்ள குழந்தைக்கும் செவிப்பறை சிவந்துதான் தெரியும். காதுக் குறும்பி மறைத்தால் அதை எடுத்துவிட்டுப் பார்ப்பதே முறை.

நெரிசல் மிகுந்த புறநோயாளர் பிரிவில் இதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் காதைப் பார்க்காமல் எழுதப்படும் ஆன்டிபயாடிக் ஊகத்தின்மேல் எழுதப்படுவதுதான். ‘காதுக்குள் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா, டாக்டர்?’ என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

எந்தக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் உடனே தேவை? யாருக்குக் காத்திருக்கலாம்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. 6 மாதம் நிறைந்த எந்தக் குழந்தைக்கும், வலி கடுமையாகவோ 48 மணி நேரத்துக்கு மேலாகவோ இருந்தால், அல்லது காய்ச்சல் 39 டிகிரி செல்சியஸை, அதாவது 102.2 ஃபாரன்ஹீட்டை எட்டியிருந்தால், ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். செவிப்பறை வெடித்துச் சீழ் வடிந்தாலும் அப்படியே. 2 வயது நிரம்பாத குழந்தைக்கு இரண்டு காதிலும் தொற்று இருந்தால், நோய் மிதமாகவே இருந்தாலும் மருந்து தொடங்குவது நல்லது.

இவற்றில் எதுவும் இல்லாமல், 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் மிதமான தொற்றிருந்தாலோ, 2 வயதைக் கடந்த குழந்தைக்கு ஒரு காதிலோ இரு காதிலோ மிதமான தொற்றிருந்தாலோ, மருத்துவரும் பெற்றோரும் பேசி முடிவெடுத்து இரண்டு மூன்று நாள் கவனித்துப் பார்க்கலாம். பிரிட்டனின் வழிகாட்டியும் ஏறக்குறைய இதே திசையில்தான் செல்கிறது. அங்கே மருத்துவர்கள் சில வேளைகளில் மருந்துச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, மூன்று நாளில் குறையாவிட்டால் மட்டும் வாங்கிக் கொடுக்கும்படி சொல்கிறார்கள். நெதர்லாந்தில் பல பத்தாண்டுகளாகவே காதுத் தொற்றுக்கு ஆன்டிபயாடிக் எழுதுவது குறைவு.

6 மாதத்துக்குக் குறைந்த பச்சிளங்குழந்தைக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது. அதிலும் 3 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் இருந்தாலே, காது வலியோ இல்லையோ, அன்றே மருத்துவமனையில் காட்ட வேண்டும். பிளவுபட்ட அண்ணம், நோய் எதிர்ப்புக் குறைபாடு, டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்கும், செவித்திறனுக்காக உள்செவியில் காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவர் தனியாக முடிவெடுப்பார்.

மருந்து கொடுக்காமல் இருந்தால் தொற்று மூளைக்குப் போய்விடாதா?

இந்த அச்சம் ஆதாரமில்லாதது அன்று. ஆன்டிபயாடிக் வருவதற்கு முந்தைய காலத்தில் காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்புக்குத் தொற்று பரவுவதும், அங்கிருந்து மூளை உறைக்குச் செல்வதும் மருத்துவமனைகளில் வழக்கமாகக் கண்ட காட்சிதான். இன்று அது அரிது. பிரிட்டனில் குழந்தைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2009இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, ஒரு குழந்தைக்கு மாஸ்டாய்டு தொற்று வராமல் தடுக்க ஏறக்குறைய 4,800 குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வலியைப் பற்றிய கணக்கு இன்னும் சுவையானது. மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் என்னும் சர்வதேச அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆன்டிபயாடிக் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் 60 சதவீதக் குழந்தைகளுக்கு 24 மணி நேரத்திலேயே வலி அடங்கிவிட்டது. முதல் நாளில் மருந்தால் வேறுபாடே இல்லை. இரண்டு மூன்று நாள் கழித்துப் பார்த்தால், 20 குழந்தைகளுக்கு மருந்து கொடுத்ததில் ஒரு குழந்தைக்குக் கூடுதல் பயன் கிடைத்தது. 14 குழந்தைகளுக்கு ஒருவர் வீதம் வாந்தி, வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் அவதிப்பட்டனர். ஆனால் எல்லாக் குழந்தைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்ட சராசரி இது. 2 வயதுக்குட்பட்டு இரு காதிலும் தொற்றுள்ள குழந்தைகளில் 4 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கும், சீழ் வடியும் குழந்தைகளில் 3 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கும் பயன் கிடைத்ததாக 2006இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. மேலே சொன்ன வயது வரம்புகள் இங்கிருந்து பிறந்தவைதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை வசதி படைத்த நாடுகளில், அழைத்தால் மறுநாளே மருத்துவரைப் பார்க்க முடிகிற குடும்பங்களில் நடந்தவை. இரண்டு பேருந்து மாறி வரும் தாயிடம் ‘மூன்று நாள் கழித்து மீண்டும் வாருங்கள்’ என்று சொல்வது எளிது. அவர் வருவது எளிதன்று. குழந்தையை மீண்டும் காட்ட இயலாத சூழ்நிலை இருந்தால் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதை எடைபோட்டு அவர் அன்றே மருந்து தொடங்கினால் அது தவறான முடிவாகாது.

எந்த அறிகுறிகள் தெரிந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்?

காதுக்குப் பின்னால் வீக்கமும் தொட்டால் வலியும் இருந்தால், அல்லது காதுமடல் முன்பக்கமாகத் தள்ளிக்கொண்டு நின்றால் தாமதிக்கக் கூடாது. முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், கழுத்து விறைத்தல், ஓயாத வாந்தியுடன் கடும் தலைவலி, வலிப்பு, நடையில் தள்ளாட்டம், எழுப்பினாலும் விழிக்காத மந்தம், பால்குடி மறத்தல் ஆகியவையும் அப்படியே. வாகனம் இல்லையென்றால் 108 ஆம்புலன்சை அழைக்கலாம்.

வலியில் துடிக்கும் குழந்தைக்கு இப்போது என்ன கொடுப்பது?

ஆன்டிபயாடிக் தேவையோ இல்லையோ, வலிக்கு மருந்து எல்லாக் குழந்தைக்கும் தேவை. இது பலரும் கவனிக்காமல் விடும் இடம். காய்ச்சல் இருந்தால் மட்டுமே பாராசிட்டமால் என்று நினைத்து, காய்ச்சலில்லாத குழந்தையை வலியோடு விட்டுவிடுகிறார்கள். பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோ ஒன்றுக்கு 15 மில்லிகிராம் வரை, 6 மணி நேர இடைவெளியில், 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மிகாமல் கொடுக்கலாம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் என்பது, 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 3 மில்லி. 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 மில்லியைச் சற்றே தாண்டும். ஒரே நிறுவனத்தின் இரண்டு பாட்டில்களிலும் அளவு வேறாக இருக்கக்கூடும் என்பதால், பெட்டியில் உள்ள எண்ணைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது. முதல் இரண்டு நாள், குழந்தை வலியால் அழும்போது மட்டும் கொடுப்பதைவிட நேரம் பார்த்துக் கொடுப்பது பயன் தரும், குறிப்பாக இரவில்.

இபுப்ரோஃபென் நல்ல வலிநிவாரணிதான், ஆனால் 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அதைக் கொடுப்பதில்லை. மழைக்காலத்தில் டெங்கு பரவும் நம் ஊர்களில், காய்ச்சலுக்குக் காரணம் காதுதான் என்று உறுதியாகும் முன் அதைக் கொடுப்பது இரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டலாம். நிமெசுலைடு 12 வயதுக்குட்பட்டோருக்கு இந்தியாவில் 2011 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. வீட்டில் பழைய பாட்டில் கிடந்தால் அப்புறப்படுத்திவிடுங்கள். சளி உலர்த்தும் மருந்துகளும் அலர்ஜி சிரப்புகளும் காதுத் தொற்றைக் குணப்படுத்துவதில்லை, குழந்தையை மயக்கத்தில் வைப்பதோடு சரி.

எந்த ஆன்டிபயாடிக் முதலில் தரப்படுகிறது? அசித்ரோமைசின் மூன்றே நாளில் முடிந்துவிடுகிறதே, அது நல்லதில்லையா?

முதல் தேர்வு அமாக்சிசிலின். விலை குறைவு, சுவை குழந்தைகளுக்கு ஏற்றது, நடுச்செவிக்குள் போதிய அளவு சென்று சேர்கிறது. நிமோகாக்கஸ் இந்த மருந்தை எதிர்க்கும்போது தன் செல்சுவரைக் கட்டும் புரதங்களில் மருந்து ஒட்டிக்கொள்ளும் இடத்தை மாற்றிக்கொள்கிறது. அதை மருந்தின் அளவைக் கூட்டினாலே வெல்ல முடியும். ஹீமோஃபிலசும் மொராக்செல்லாவும் வேறு வழியில் எதிர்க்கின்றன. பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியைச் சுரந்து மருந்தையே சிதைத்துவிடுகின்றன. அங்கே அளவைக் கூட்டிப் பயனில்லை, அந்த நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். இதனால்தான் கடந்த 30 நாளில் அமாக்சிசிலின் சாப்பிட்ட குழந்தைக்கும், காது வலியோடு கண்ணிலும் பீளை தள்ளும் குழந்தைக்கும், அமாக்சிசிலினால் குறையாத குழந்தைக்கும் அமாக்சிசிலின் கிளாவுலானேட் கூட்டுமருந்தை எழுதுகிறார்கள். கண்ணும் காதும் சேர்ந்து பாதிக்கப்பட்டால் ஹீமோஃபிலசாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அசித்ரோமைசின் கொடுக்க வசதியானது என்பது மறுக்க முடியாதது. ஆனால் நிமோகாக்கஸிலும் ஹீமோஃபிலசிலும் அதன் வலிமை குறைவு. பென்சிலின் வகைக்குக் கடும் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு வேறு வழியில்லாதபோது பயன்படுத்த வேண்டியது அது. நம் மருந்துக் கடைகளில் எளிதில் கைக்கு வரும் செஃபிக்சிம், எதிர்ப்புத்திறன் பெற்ற நிமோகாக்கஸ் மீது போதிய அளவு செயல்படுவதில்லை. உலகச் சுகாதார நிறுவனம் அமாக்சிசிலினை எவருக்கும் எளிதில் கிடைக்க வேண்டிய மருந்துகளின் வரிசையிலும், அசித்ரோமைசினையும் செஃபிக்சிமையும் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டியவற்றின் வரிசையிலும் வைத்திருக்கிறது. புதியதும் விலை கூடியதும் வலிமை மிக்கது என்னும் எண்ணம் இந்த நோயில் பொருந்துவதில்லை.

சீட்டில் எழுதியிருக்கும் அளவு மிக அதிகமாகத் தெரிகிறதே?

காதுத் தொற்றுக்கு அமெரிக்க வழிகாட்டி சொல்லும் அமாக்சிசிலின் அளவு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. 10 கிலோ குழந்தைக்கு வேளைக்கு 400 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் ஒரு வேளைக்கு 8 மில்லி ஆகிறது. 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதை வாங்கிவிட்டால் 16 மில்லி ஊற்ற வேண்டும். எந்தக் குழந்தையும் அதைக் குடிக்காது. எனவே கடையில் வேறு அளவு பாட்டில் கொடுத்தால் அப்படியே வாங்கி வராமல், எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும். பிரிட்டனில் எடைக்குப் பதில் வயதை வைத்து, இதைவிடக் குறைந்த அளவில், மூன்று வேளையாகத் தருகிறார்கள். ஆகவே வெளிநாட்டில் இருக்கும் உறவினர் சொல்லும் அளவோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

கூட்டுமருந்துப் பெட்டிகளில் 228.5, 457 என்று எண்கள் இருக்கும். முதலாவதில் 200 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 28.5 கிளாவுலானிக் அமிலமும், இரண்டாவதில் 400 மில்லிகிராமும் 57ம் இருக்கின்றன. 5 மில்லியில் உள்ள அளவு இது. கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்னும் உயர் அளவைக் கொடுக்கும்போது கிளாவுலானிக் அமிலமும் உயர்ந்து வயிற்றைக் கலக்கும் என்பதால், 5 மில்லியில் 600 மில்லிகிராமும் 42.9 மில்லிகிராமும் உள்ள தனித் தயாரிப்பு இருக்கிறது.

பாட்டிலில் பொடியாக வரும் இந்த மருந்தைக் கலப்பதில்தான் வீடுகளில் நிறையத் தவறு நேர்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்க்க வேண்டும். பெட்டியோடு வந்த நீரையோ, கொதித்து ஆறிய நீரையோ பாதியளவு ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகு குறிக்கோடு வரை நிரப்ப வேண்டும். குறிக்கோட்டைத் தாண்டினால் மருந்து நீர்த்துவிடும். கலந்த கூட்டுமருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து 7 நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் குலுக்கிய பின்பே ஊற்ற வேண்டும். சமையலறைக் கரண்டி ஒன்றுக்கொன்று மாறும். ஊசியில்லாத சிரிஞ்சு அல்லது மூடியோடு வரும் அளவுக் குவளையே சரி. இன்னொன்று: மேலே சொன்ன கணக்கில் 30 மில்லி பாட்டில் இரண்டு நாளுக்குக்கூடப் போதாது. பாட்டில் தீர்ந்ததும் சிகிச்சையும் முடிந்தது என்று பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். எத்தனை பாட்டில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டு வாங்கி, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைக் கலக்க வேண்டும்.

எத்தனை நாள் கொடுக்க வேண்டும்? மூன்றாம் நாளே குழந்தை ஓடி விளையாடுகிறதே?

2 வயதுக்குட்பட்டவர்களுக்கும் நோய் கடுமையாக உள்ளவர்களுக்கும் 10 நாள், 2 முதல் 5 வயது வரை மிதமான நோய்க்கு 7 நாள், 6 வயதுக்கு மேல் 5 முதல் 7 நாள் என்பது அமெரிக்க வழிகாட்டி. பிரிட்டனில் 5 முதல் 7 நாள். சிறு குழந்தைக்கு நாளைக் குறைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் 10 நாள் மருந்து பெற்றவர்களில் 16 சதவீதத்தினருக்கும், 5 நாள் மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிகிச்சை பலன் தரவில்லை; நாளைக் குறைத்ததால் பக்க விளைவும் குறையவில்லை. எனவே கைக்குழந்தைக்கு வலி நின்றதும் நீங்களாக நிறுத்திவிடுவது சரியன்று. பெரிய குழந்தைக்கு நாளைக் குறைக்கலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். மீந்த மருந்தை அடுத்த சளிக்கு எடுத்து வைக்க வேண்டாம். கலந்த சிரப் அதுவரை வீரியத்தோடு இருக்காது.

இரண்டு நாள் கொடுத்தும் குறையவில்லை. மருந்தை மாற்ற வேண்டுமா?

மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரம் வரை பொறுக்க வேண்டும். முதல் நாளில் வலி சற்றுக் கூடவும் கூடும். மூன்றாம் நாளும் காய்ச்சலும் வலியும் அப்படியே இருந்தால் மீண்டும் காதைக் காட்டுங்கள். அமாக்சிசிலின் என்றால் கூட்டுமருந்துக்கும், கூட்டுமருந்திலும் குறையாவிட்டால் செஃப்ட்ரையாக்சோன் ஊசிக்கும் மாறுவது வழக்கம்.

மருந்து தொடங்கியதும் வயிற்றால் போகிறது, உடம்பில் தடிப்பும் வந்தது. ஒவ்வாமையா?

இளகிய மலம் பெரும்பாலும் குடலின் எதிர்வினைதான், கூட்டுமருந்தில் அது அதிகம். உணவோடு சேர்த்துக் கொடுத்தால் சற்றுக் குறையும். நீர்ச்சத்துக் குறையாமல் ஓ.ஆர்.எஸ். கொடுத்து மருந்தைத் தொடரலாம். மலத்தில் இரத்தம் தெரிந்தால் நிறுத்திவிட்டுக் காட்ட வேண்டும்.

தடிப்பில் இரண்டு வகை உண்டு. மருந்து கொடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் அரிப்போடு திட்டுத்திட்டாகத் தடித்து, உதடோ கண்ணிமையோ வீங்கி, மூச்சுத் திணறினால் அது உண்மையான ஒவ்வாமை, அவசரச் சிகிச்சை தேவை. பல நாள் கழித்து உடம்பெங்கும் அரிப்பில்லாமல் மெல்லிய சிவப்புப் பொட்டுகள் தோன்றுவது பெரும்பாலும் வைரஸால் வருவது. பென்சிலின் ஒவ்வாமை என்று முத்திரை குத்தப்பட்டவர்களைச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்றே தெரியவருகிறது. அந்த முத்திரை வாழ்நாள் முழுவதும் நல்ல மருந்துகளை அடைத்துவிடும் என்பதால், தடிப்பைப் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது.

காதிலிருந்து சீழ் வந்ததும் வலி நின்றுவிட்டது. இனி மருந்து வேண்டாமா?

வேண்டும். உள்ளே அழுத்தம் கூடிச் செவிப்பறை கிழிந்ததால் சீழ் வெளியேறி வலி நின்றிருக்கிறது. இந்த ஓட்டை பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிவிடும். அதுவரை குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தடவிக் காதை அடைத்துக்கொள்ளவும், நீச்சலைத் தவிர்க்கவும். பஞ்சை நாள் முழுதும் காதில் வைத்திருக்கக் கூடாது.

பல வாரமாகச் சீழ் வடிகிறது. எத்தனையோ ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்கவில்லையே?

இரண்டு வாரத்துக்கு மேல் சீழ் வடிந்தால் உலகச் சுகாதார நிறுவனம் அதை நாட்பட்ட நடுச்செவித் தொற்றாகக் கருதுகிறது. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று ஆண்டுக்கணக்கில் விடப்பட்டு, வகுப்பில் ஆசிரியர் சொல்வது கேட்காத பிள்ளையாக ஒருவரை ஆக்கிவிடும் நோய் இதுதான். இங்கே வாய்வழி மருந்து பெரிய பயன் தராததற்குக் காரணம் உண்டு: சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் இதில் முக்கியப் பங்கு வகிக்கின்றன, அமாக்சிசிலின் அவற்றைத் தொடுவதே இல்லை.

சிகிச்சை இரண்டே படிகள்தான். தூய பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதில் வைத்து, நனைந்ததும் எடுத்துவிட்டு வேறொன்று வைத்து, ஈரம் போகும் வரை திரும்பச் செய்ய வேண்டும். நாளைக்கு மூன்று முறை. குச்சியோ பட்ஸோ கூடாது. காது உலர்ந்த பிறகு சிப்ரோஃபிளாக்சசின் போன்ற குயினலோன் சொட்டு மருந்தை மருத்துவர் சொன்னபடி இரண்டு வாரம் விட வேண்டும். சீழ் மிதக்கும் காதில் சொட்டு விட்டால் மருந்து அடியில் இறங்காது. உலர்த்தும் வேலையைத் தவிர்ப்பதாலேயே பல சிகிச்சைகள் தோற்கின்றன. ஓட்டையுள்ள காதில் ஜென்டாமைசின், நியோமைசின் கலந்த சொட்டு மருந்துகள் கேட்கும் திறனைப் பாதிக்கக்கூடும் என்பதால் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி விடக் கூடாது. சீழ் துர்நாற்றம் வீசினாலோ இரத்தம் கலந்து வந்தாலோ கொலஸ்டியாட்டோமா என்னும், எலும்பை அரிக்கும் தோல் வளர்ச்சி நடுச்செவியில் இருக்கலாம். காது மூக்கு தொண்டை நிபுணரிடம் உடனே காட்ட வேண்டும்.

வலி போய்விட்டது, ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை, டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாள். இன்னொரு முறை ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா?

தேவையில்லை. தொற்று அடங்கிய பிறகும் நடுச்செவியில் நீர் தங்கியிருப்பது இயல்பு. இரண்டு வாரம் கழித்துப் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும், ஒரு மாதம் கழித்து ஏறக்குறைய 40 சதவீதத்தினருக்கும் அது இருக்கும். அந்த நீரை ஆன்டிபயாடிக்கோ, ஸ்டீராய்டோ, அலர்ஜி மருந்தோ வற்றவைப்பதில்லை. 3 மாதம் ஆகியும் நீர் இருந்தால் செவித்திறன் சோதனை செய்து, தேவைப்பட்டால் செவிப்பறையில் சிறு குழாய் பொருத்துவதைப் பற்றி நிபுணர் பேசுவார். அதுவரை குழந்தையின் முகம் பார்த்துப் பேசுங்கள், வகுப்பில் முன் வரிசையில் உட்காரவைக்கச் சொல்லுங்கள்.

பாட்டி பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெய் விடச் சொல்கிறார். விடலாமா?

செவிப்பறை கிழிந்திருக்கிறதா இல்லையா என்பது வெளியில் இருந்து தெரியாது. கிழிந்த காதில் எண்ணெயோ தாய்ப்பாலோ விட்டால் நேராக நடுச்செவிக்குள் சென்று தொற்றை வளர்க்கும். சூடு கூடினால் காதுத்தோலும் வெந்துவிடும். குளிப்பாட்டியபின் காதிலும் மூக்கிலும் ஊதுவதும் அதே போல விட்டுவிட வேண்டிய பழக்கம். பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான துணியைக் காதின் வெளிப்புறத்தில் ஒத்தடமாக வைக்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடலாம்.

அடிக்கடி வருகிறது. தடுக்க வழி உண்டா?

6 மாதத்தில் 3 முறையோ, ஓராண்டில் 4 முறையோ வந்தால் திரும்பத் திரும்ப வரும் தொற்று என்பார்கள். முன்பு இதற்குக் குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கை மாதக்கணக்கில் கொடுத்தார்கள். இப்போது அது பரிந்துரைக்கப்படுவதில்லை. செவிப்பறைக் குழாய் சிலருக்கு உதவும், ஆனால் 6 முதல் 35 மாதக் குழந்தைகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், குழாய் பொருத்தியவர்களுக்கும் வரும்போதெல்லாம் மருந்து பெற்றவர்களுக்கும் தொற்றின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

நிமோகாக்கஸ் தடுப்பூசி இந்தியாவின் அரசுத் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் விரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் 6ஆம் வாரம், 14ஆம் வாரம், 9ஆம் மாதம் என மூன்று தவணையாக இலவசமாகப் போடுகிறார்கள். இது காதுத் தொற்றைக் குறைக்கும், முற்றாக நிறுத்தாது. ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசியில் ஹீமோஃபிலஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அது பி வகையை மட்டும் தடுக்கிறது, காதைத் தாக்குவது பெரும்பாலும் வேறு வகை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் ஓரளவு உதவும். முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது, புட்டிப்பால் கொடுத்தால் தலையை உயர்த்திப் பிடிப்பது, வீட்டுக்குள் யாரும் புகைக்காமல் இருப்பது, 6 மாதத்துக்குப் பின் சூப்பானை நிறுத்துவது ஆகியவை பரிந்துரைக்கப்படும் வழிகள். தினமும் சாம்பிராணிப் புகை காட்டும் வீடுகளிலும் அதைக் குழந்தையின் அறையிலிருந்து விலக்குவது நல்லது என்பது என் கருத்து.

பள்ளிக்கு அனுப்பலாமா? தலைக்குக் குளிப்பாட்டலாமா? விமானத்தில் போகலாமா?

காய்ச்சல் விட்டு, குழந்தை தெம்பாக இருந்தால் பள்ளிக்கு அனுப்பலாம். சளி ஒட்டுமே தவிர, காதுத் தொற்று ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. சீழ் வடியாத காது என்றால் தலைக்குக் குளிப்பாட்டத் தடையில்லை. விமானம் இறங்கும்போது வலி கூடலாம் என்பதால், அரை மணி நேரம் முன்பே பாராசிட்டமால் கொடுத்து, இறங்கும் நேரத்தில் பால் குடிக்கவோ எதையாவது சப்பவோ விட்டால் போதும்.